திறனாளர் வருகையும் புதுமையாக்கமும்

பஞ்சாபில் ராய்ப்பூர் என்னும் சிற்றூரில் பிறந்த ஹர்கோவிந்த் குரானா, 1945ஆம் ஆண்டில் இந்திய அரசின் உதவித்தொகையுடன் இங்கிலாந்து சென்றார். 1948இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1949இல் தாயகம் திரும்பிய அவருக்குத் தகுந்த பணி அமையவில்லை. மீண்டும் வெளிநாடு சென்ற அவர் கேம்பிரிட்ஜ், வான்கூவர், விஸ்கான்சின் ஆகிய இடங்களில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1966இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1968இல் மரபுக் குறியீடு பற்றிய ஆய்வுக்காக நோபல் பரிசு அவருக்கும் வேறு இருவருக்கும் பகிர்ந்து வழங்கப்பட்டது. பயிற்சிக்குச் செலவிட்ட நாடு ஒன்று. பயனடைந்த நாடு வேறொன்று. அப்பயன் எந்தச் சூழ்நிலையில் விளைகிறது என்பதை அனுப்பும் நாடும் ஏற்கும் நாடும் ஆராய்ந்தறிதல் அவசியமாகும்.

விதிகளின் ஏற்ற இறக்கம்

அமெரிக்காவில் பிறந்த நாட்டை அடிப்படையாகக் கொண்ட குடியேற்ற ஒதுக்கீட்டு முறையை 1965ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. குடும்ப உறவுடன் தொழில் திறமைக்கும் அச்சட்டம் முன்னுரிமை அளித்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாயிலாக, தனித்திறன் வேண்டும் பணிகளுக்கான எச்-1பி அனுமதி ஏற்பட்டது. ஆண்டுக்கு 65,000 என்ற அதன் உச்சவரம்பு, 1999, 2000 நிதியாண்டுகளில் 1,15,000 ஆகவும், 2001 முதல் 2003 வரை 1,95,000 ஆகவும் உயர்ந்து, 2004இல் மீண்டும் 65,000 ஆயிற்று.

இந்த ஏற்ற இறக்கம் ஆய்வாளர்களுக்கு ஓர் அளவுகோலாக உதவியது. வரம்பு உயர்ந்தபோது, இத்திட்டத்தைப் பெரிதும் சார்ந்திருந்த நகரங்களில் இந்திய, சீனப் பெயருடையோரின் காப்புரிமைகள் பெருகின. உள்நாட்டாரின் புதுமையாக்கம் குன்றவில்லை. வில்லியம் கெர், வில்லியம் லிங்கன் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வின் முடிவு இது. மக்கள்தொகையில் குடியேறிய பட்டதாரிகளின் பங்கு ஒரு சதவீதப் புள்ளி உயர்ந்தால், தலைக்குரிய காப்புரிமைகள் 9 முதல் 18 சதவீதம் வரை உயரும் என்று அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு மதிப்பிட்டது. குடியேறியோரில் அறிவியலும் பொறியியலும் பயின்றவர் மிகுதியாக இருப்பதே இதற்கு முக்கிய காரணமாகும்.

மாணவர்களின் பங்கும் சிறிதன்று. பேராசிரியரின் ஆராய்ச்சி நிதியில் ஊதியம் பெறும் வெளிநாட்டு மாணவர், ஆய்வுக்கூடத்தின் அன்றாடப் பணிகளில் பெரும்பகுதியை நடத்துகின்றனர். 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் பயின்ற இந்திய மாணவர் 3.31 லட்சம் பேர். அவ்வாண்டில் மாணவரை அனுப்பும் நாடுகளில் இந்தியா சீனாவைக் கடந்து முதலிடம் பெற்றது.

இருவகை விளைவு

எனினும், இப்பயன் தானாகவே கிட்டுவதன்று. சோவியத் ஒன்றியம் கலைந்தபின் கணித அறிஞர் பலர் அமெரிக்கா வந்தனர். அவர்களது துறைகளிலேயே உழைத்த அமெரிக்கக் கணிதவியலாரின் ஆய்வு வெளியீடு குறைந்தது என்பதை போர்ஹாஸ், டோரன் ஆகியோர் 2012இல் எடுத்துக்காட்டினர். பேராசிரியர் பதவிகள் அளவுக்குட்பட்டவை. ஒருவர் பெற்றால் மற்றொருவர் இழக்க நேர்ந்தது.

1930களில் நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறிய யூத வேதியியலாரின் அனுபவம் இதற்கு மாறானது. அவர்கள் சார்ந்த துறைகளில் அமெரிக்கக் காப்புரிமைகள் 31 சதவீதம் உயர்ந்தன. அவர்களால் ஈர்க்கப்பட்டுப் புதிய ஆய்வாளர் அத்துறைகளுக்கு வந்தனர். வந்தவரோடு துறையும் விரிந்தால் பலன் உண்டு; பதவிகள் அப்படியே நின்றால் இடப்போட்டி மிஞ்சும்.

திரும்புவோருக்கும் இது பொருந்தும்

தைவான் 1980இல் சிஞ்சு அறிவியல் பூங்காவை நிறுவியது. திரும்புவோரின் பிள்ளைகளுக்கு அங்கு இருமொழிப் பள்ளியும் அமைந்தது. அமெரிக்காவில் நீண்டகாலம் பணியாற்றிய மாரிஸ் சாங் 1985இல் அழைக்கப்பட்டு, அரசின் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையை ஏற்றார். 1987இல் அரசின் பெரும் முதலீட்டுடன் தைவான் குறைகடத்தி உற்பத்தி நிறுவனம் தோன்றியது. அழைப்புக்கு முன்னரே நிலையமும் பூங்காவும் ஆயத்தமாக இருந்தன என்பது கருதத்தக்கது.

இந்தியாவும் 1958இல் வெளிநாட்டிலிருந்து திரும்பும் விஞ்ஞானிகளுக்கு நிலையான பணி கிடைக்கும்வரை தற்காலிக இடமளிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆயினும் 2020-21இல் ஆராய்ச்சிக்கான நாட்டின் மொத்தச் செலவு, உள்நாட்டு உற்பத்தி மதிப்பில் 0.64 சதவீதமாகவே இருந்தது. 2021-22இல் உயர்கல்வி பயின்ற 4.33 கோடிப் பேரில் வெளிநாட்டு மாணவர் ஆயிரத்திற்கு ஒருவர் என்ற அளவிலேயே இருந்தனர்.

புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டாலர் கட்டணம் விதிக்கும் ஆணை 2025 செப்டம்பரில் அமெரிக்காவில் பிறந்தது. இத்தகைய தடைகளால் திறனாளர் தாயகம் திரும்புவர் என்று எதிர்பார்த்து இருந்துவிடலாகாது. 1949இல் குரானா திரும்பியே வந்தார். அவரை ஏற்க ஓர் ஆய்வுக்கூடம் இல்லை. பதவி, கருவிகள், நீடித்த நிதி ஆகிய மூன்றும் முன்கூட்டியே அமைந்தால்தான் திரும்பி வருவோரின் அறிவு நாட்டுக்குப் பயன்படும்.