நான்கு 4-கள் போதும், எக்செல் பழகலாம்

விருத்தாசலத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு எக்செல் சொல்லித் தரும்போது நான் ஒரு புதிரில்தான் ஆரம்பிப்பேன். நான்கு 4-களை மட்டும் வைத்துக்கொண்டு 0, 1, 2, 3 என்று ஒவ்வோர் எண்ணாக வரவழைக்க வேண்டும். 1881-ல் லண்டனில் 'நாலெட்ஜ்' என்ற இதழில் வெளிவந்த பழைய புதிர் இது.

எக்செல்லைத் திறந்து, ஏதாவது ஒரு செல்லில் =4+4-4-4 என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். 0 வரும். முதலில் = குறி போடாவிட்டால் டைப் செய்தது அப்படியே நிற்கும். பெருக்கலுக்கு *, வகுத்தலுக்கு /, அடுக்குக்கு ^ (ஷிப்ட்டுடன் 6). =44/44 என்றால் 1. =4/4+4/4 என்றால் 2.

அடுத்தது 3. பலரும் =4+4+4/4 என்று போடுவார்கள். வருவதோ 9! எக்செல் வகுத்தலையும் பெருக்கலையும் முதலில் முடித்துவிட்டுத்தான் கூட்டலுக்கு வரும். =(4+4+4)/4 என்று அடைப்புக்குறி போட்டால்தான் 3. அதேபோல் =(4*4+4)/4 என்பது 5; அடைப்பை எடுத்துவிட்டால் 17.

இது வெறும் விளையாட்டல்ல. ஒரு செராமிக் கடைக்காரர் 1200 ரூபாய் பொம்மைக்கும் 800 ரூபாய் விளக்குக்கும் சேர்த்து 10 சதவீதம் தள்ளுபடி தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். =1200+800*10/100 என்று போட்டால் தள்ளுபடியே 1280 ரூபாய் ஆகிவிடும். =(1200+800)*10/100 என்றால்தான் சரியான 200 வரும். தவறான ஃபார்முலாவுக்கு எக்செல் எந்த எச்சரிக்கையும் காட்டாது. பில் பாட்டுக்குப் பிரிண்ட் ஆகிவிடும்.

இன்னொரு வேடிக்கை. =4^4^4 என்று கொடுத்துப் பாருங்கள்; 4294967296 வரும். எக்செல் அடுக்குகளை இடமிருந்து வலமாகப் போடுகிறது. பள்ளிக் கணக்கில் மேலே உள்ள அடுக்கைத்தான் முதலில் பார்ப்போம். அப்படி வேண்டுமானால் =4^(4^4) என்று எழுத வேண்டும். விடையில் 155 இலக்கங்கள். செல்லில் சுருக்கமாகத்தான் தெரியும். =-4^4 என்பதற்கும் கணக்கு வாத்தியார் -256 என்பார், எக்செல் 256 என்கிறது. மைனஸ் குறியை அது முதலில் எடுத்துக்கொள்வதுதான் காரணம். இந்த இரண்டு இடத்திலும் அடைப்புக்குறி போட்டு விடுவதே என் வழக்கம்.

6, 7, 8, 10 ஆகியவற்றை நீங்களே வரவழைத்துப் பாருங்கள். 7-க்கு 44 உதவும். 11-க்கு மட்டும் ஒரு குறிப்பு: 4-க்கு முன்னால் புள்ளி வைத்து .4 என்றும் எழுதலாம்.