ஐந்தாவது அணி

1990ஆம் ஆண்டு, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உலக லக்ரோஸ் வெற்றியாளர் போட்டி நடைபெற்றது. அதற்கு முன் ஐந்து முறை நடந்த அப்போட்டியில் அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்து ஆகிய நான்கு நாடுகள் மட்டுமே மோதி வந்தன. பெர்த்தில்தான் முதன்முறையாக ஐந்தாவது அணி ஒன்று திடலில் இறங்கியது. அந்த அணியின் நாட்டை உலக வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. ஆனால், மற்ற நான்கு நாடுகளுக்கும் அந்த விளையாட்டு வந்து சேர்ந்ததே அந்த அணியினரின் மூதாதையர் போன்ற பூர்வகுடி மக்களிடமிருந்துதான்.

அந்த அணியின் பெயர் இரோக்குவா நேஷனல்ஸ். இரோக்குவா என்பது பிறர் வைத்த பெயர். அம்மக்கள் தங்களை ஹோடெனஷோனி என்று அழைத்துக்கொள்கிறார்கள். நீண்ட வீட்டின் மக்கள் என்பது அதன் பொருள். மோஹாக், ஒனைடா, ஒனொண்டாகா, கையூகா, செனெக்கா ஆகிய ஐந்து இனத்தார் தங்களுக்குள் நடந்த போர்களை நிறுத்தி, ஒரே கூரையின்கீழ் வாழும் குடும்பத்தைப் போல ஒரு கூட்டமைப்பை உருவாக்கினர். 18ஆம் நூற்றாண்டில் டஸ்கரோரா இனத்தாரும் அதில் சேர்ந்தனர். இன்று அவர்களின் நிலங்கள் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலும், எல்லைக்கு அப்பால் கனடாவிலும் சிதறிக் கிடக்கின்றன. எல்லைக்கோடு பிறகு வந்தது. அவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே வாழ்பவர்கள்.

லக்ரோஸ் ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். ஆடவர் திடல் ஆட்டத்தில் ஒவ்வோர் அணியிலும் பத்துப் பேர் இருப்பர். ஒவ்வொருவர் கையிலும் நுனியில் வலை பின்னிய ஒரு நீண்ட கோல் இருக்கும். கெட்டியான சிறிய ரப்பர்ப் பந்தைக் கையால் தொடாமல், அந்த வலையில் ஏந்தி, ஓடி, தோழருக்கு வீசி, எதிரணியின் கோல் வலைக்குள் செலுத்த வேண்டும். தோளோடு தோள் மோதுவதும் உண்டு. அந்தக் கோலைக் கண்ட பிரெஞ்சுப் பாதிரிமார்கள் 17ஆம் நூற்றாண்டில் சூட்டிய பெயர்தான் லக்ரோஸ்.

ஹோடெனஷோனி மக்களுக்கு அது பொழுதுபோக்கு மட்டுமன்று. படைத்தவன் தனக்காகத் தந்த ஆட்டம் என்று அதைக் கருதுகிறார்கள். நோயுற்றவர் நலம்பெற வேண்டி ஊரார் கூடி ஆடும் வழக்கம் இன்றும் உண்டு. அத்தகைய ஆட்டத்தில் யார் வென்றார் என்று எவரும் பெரிதுபடுத்துவதில்லை. ஆண் குழந்தை பிறந்தால் தொட்டிலில் ஒரு சிறிய கோலை வைப்பார்கள். இறந்தவரோடு அவருடைய கோலையும் புதைப்பார்கள். ஹிக்கரி என்னும் உறுதியான மரத்தைப் பிளந்து, ஆவியில் வளைத்து, மாதக்கணக்கில் உலரவிட்டுச் செய்யப்படும் கோல் அது.

இப்படிப்பட்ட மக்களுக்கு அனைத்துலகப் போட்டியில் இடம் கிடைக்க ஏன் 1990 வரை காத்திருக்க வேண்டியிருந்தது? செப்பாக் தக்ராவ் உலகப் போட்டியில் மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும் இடமில்லை என்றால் நமக்கு எவ்வளவு வியப்பாக இருக்கும்! அதைவிட வியப்பான கதை இது.

1860களில் மாண்ட்ரியல் நகரின் பல் மருத்துவர் ஜார்ஜ் பியர்ஸ் இந்த ஆட்டத்திற்கு எழுத்தில் விதிமுறைகளை வகுத்தார். நகரத்துக் கழகங்கள் பெருகின. ஆட்டத்தைப் பரப்புவதற்குப் பூர்வகுடி ஆட்டக்காரர்கள் தேவைப்பட்டனர். 1876இல் மோஹாக் அணி ஒன்று கடல் கடந்து பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, விக்டோரியா அரசியின் முன்னிலையிலும் ஆடிக் காட்டியது. ஆனால், 1880இல் கனடாவின் லக்ரோஸ் சங்கம் தன் வெற்றியாளர் போட்டிகளிலிருந்து அவர்களை விலக்கியது. ஆட்டத்திற்காகப் பணம் பெறுகிறார்கள், ஆகவே அவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்பது காரணமாகக் கூறப்பட்டது. கையில் காசில்லாதவர்கள் பயணச் செலவுக்கு வேறெங்கே போவார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

1904இல் செயிண்ட் லூயிஸ் ஒலிம்பிக்கில் மோஹாக் அணி ஒன்று கனடாவின் இரண்டாவது அணியாகக் கலந்துகொண்டு மூன்றாம் இடத்தைப் பெற்றது. அதன் ஆட்டக்காரர்கள் பதிவேட்டில் ‘கறுப்புப் பருந்து’, ‘முகத்தில் மழை’ என்பன போன்ற பெயர்களால்தான் குறிக்கப்பட்டுள்ளனர்.

எண்பது ஆண்டுகள் கழித்தே நிலைமை மாறத் தொடங்கியது. 1983இல் இரோக்குவா நேஷனல்ஸ் அணி தோற்றுவிக்கப்பட்டது. அதன் நிறுவனர்களுள் ஒருவர் ஓரன் லயன்ஸ். ஒனொண்டாகா இனத்தின் மரபுகளைக் காக்கும் பொறுப்பை ஏற்றிருந்த அவர், இளமையில் சிராக்கியூஸ் பல்கலைக்கழக அணியின் சிறந்த கோல் காவலராக விளங்கியவர். நல்ல ஆட்டக்காரர்களைத் திரட்டுவது அவருக்குக் கடினமாக இருக்கவில்லை. அவர்கள் அமெரிக்காவுக்காகவும் ஆட வேண்டாம், கனடாவுக்காகவும் ஆட வேண்டாம், தங்கள் சொந்த நாட்டுக்காகவே ஆட வேண்டும் என்பதை உலகத்தை ஏற்கச் செய்வதுதான் கடினமாக இருந்தது. 1986இல் டொராண்டோவில் நடந்த உலகப் போட்டியில்கூட அவர்களுக்கு இடமில்லை. ஹோடெனஷோனி நிலங்களிலிருந்து சில மணி நேரத்தில் சென்று சேரக்கூடிய நகரம் டொராண்டோ! அதன் பிறகே அனைத்துலக லக்ரோஸ் கூட்டமைப்பு அவர்களை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது.

பெர்த்துக்குச் செல்லும்போது ஆட்டக்காரர்கள் கொண்டு சென்றது ஹோடெனஷோனி கடப்பிதழ். இந்தக் கடப்பிதழுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1923இல் டெஸ்காஹே என்னும் கையூகா தலைவர், தம் மக்களின் குறையை உலக நாடுகள் சங்கத்தில் எடுத்துரைக்க ஜெனீவாவுக்குப் பயணம் செய்தபோது, தம் மக்களின் கூட்டமைப்பு வழங்கிய கடப்பிதழையே பயன்படுத்தினார். சுவிட்சர்லாந்து அவரை உள்ளே அனுமதித்தது. சங்கமோ அவருக்குப் பேச வாய்ப்பளிக்கவில்லை. 1990இல் ஆஸ்திரேலியக் குடிநுழைவு அதிகாரிகள் அந்தக் கடப்பிதழை ஏற்றுக்கொண்டனர். பூர்வகுடி மக்கள் தம் சொந்த நாட்டின் பெயரால் உலக அளவிலான போட்டியில் களமிறங்கினர்.

திடலில் என்ன நடந்தது? ஐந்து அணிகளில் அவர்களுக்குக் கடைசி இடமே கிட்டியது. ஹோடெனஷோனி இளைஞர்களிடம் திறமைக்குக் குறைவில்லை. ஆனால், பெரும்பாலோர் ஆடி வளர்ந்தது பெட்டி லக்ரோஸ் எனப்படும் உள்ளரங்க ஆட்டம். கோடையில் பனிக்கட்டி நீக்கப்பட்ட ஹாக்கி அரங்கில், அணிக்கு ஆறு பேராக, சுவர்களுக்கிடையே நெருக்கமாக ஆடுவது அது. குறுகிய இடத்தில் பந்தைக் கையாளும் நுட்பத்தில் அவர்களை மிஞ்சுவது கடினம். நூறு மீட்டர் நீளத் திடலில், பத்துப் பேர் இடம் பிரித்து ஓடி ஆடுவது வேறு கலை. எதிரே நின்ற அமெரிக்கர்களோ பல்கலைக்கழகங்களில் அந்தக் கலையை ஆண்டுக்கணக்கில் பயின்றவர்கள்.

அணி கலைந்துவிடவில்லை. 1998, 2002, 2006 ஆகிய மூன்று போட்டிகளிலும் நான்காம் இடம் கிடைத்தது. அடுத்த போட்டி 2010இல் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில். இம்முறை தடை திடலில் வரவில்லை, கடப்பிதழில் வந்தது. பாதுகாப்பு விதிகள் கடுமையாகியிருந்த காலம் அது. கையால் எழுதப்பட்ட ஹோடெனஷோனி கடப்பிதழை ஏற்க பிரிட்டன் மறுத்தது. அமெரிக்கக் கடப்பிதழோ கனடியக் கடப்பிதழோ எடுத்துக்கொண்டால் உடனே பறக்கலாம். அணியினர் நியூயார்க் நகரில் நாள்கணக்கில் காத்திருந்தனர். தொடக்க ஆட்டத்தின் நேரம் கடந்து போனது. பல ஆண்டுப் பயிற்சி வீணாகும் என்று தெரிந்தும் அவர்கள் வேறு கடப்பிதழைத் தொடவில்லை. பிடிவாதம் என்று சிலர் நினைத்திருக்கலாம். இன்னொரு நாட்டின் குடிமக்களாக வந்து, தங்கள் நாட்டுக்காக ஆடுகிறோம் என்று எப்படிச் சொல்வது என்பதே அவர்களின் கேள்வி.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2014இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஆஸ்திரேலியாவை வென்று அந்த அணி முதன்முறையாக வெண்கலப் பதக்கம் பெற்றது. 2018இலும் 2023இலும் அதே பதக்கம் மீண்டும் வந்தது. இதற்கிடையே 2022இல் அணி தன் பெயரை ஹோடெனஷோனி நேஷனல்ஸ் என மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரில் நடந்த உலக விளையாட்டுகளில் ஹோடெனஷோனி அணிக்கு முதலில் இடம் தரப்படவில்லை. எதிர்ப்புக் குரல்கள் எழுந்தபோது, தகுதி பெற்றிருந்த அயர்லாந்து அணி தானே விலகி அந்த இடத்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தது.

2028இல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் லக்ரோஸ் மீண்டும் இடம்பெறுகிறது. ஒலிம்பிக்கில் ஆட, அங்கீகரிக்கப்பட்ட தேசிய ஒலிம்பிக் மன்றம் ஒன்று இருக்க வேண்டும் என்பது விதி. ஹோடெனஷோனி மக்களுக்கு அப்படியொரு மன்றம் இல்லை. 1904இல் தங்கள் முன்னோர் கனடாவின் பெயரில் ஆடிய அந்த மேடையில், இம்முறை ஊதா நிறத்தில் நடுவே வெள்ளை மரம் பொறித்த தங்கள் சொந்தக் கொடியுடன் நிற்க வேண்டும் என்று அவர்கள் கேட்டு வருகிறார்கள்.