கூண்டுக்கோழியும் நம் அடுப்பங்கரையும்

நாமக்கல்

அருமை மகளுக்கு,

இனிமேல் கோழியும் முட்டையும் உண்பதில்லை என்று நீ தீர்மானித்திருப்பதையும், அதனால் வீட்டில் உண்டாகியிருக்கும் மனத்தாங்கலையும் விவரித்து எழுதிய கடிதம் கிடைத்தது. அம்மா கண் கலங்குகிறாள், அப்பா பேசாமல் எழுந்து போகிறார், அப்பத்தாவோ பிள்ளை இளைத்துப்போவாளே என்று புலம்புகிறார் என்றெல்லாம் எழுதி, என் அபிப்பிராயத்தைக் கேட்டிருக்கிறாய். உன் தீர்மானம் நியாயமானது என்பதே என் அபிப்பிராயம். ஆயினும், அது உன் ஒருத்தியின் இலையோடு நின்றுவிடாமல் ஒரு குடும்பத்தின் ஆகார வழக்கமாக மாறவேண்டுமானால், எதை முதலில் விடுவது, எவ்வாறு விடுவது என்பவற்றைச் சற்று நிதானமாக ஆலோசிக்கவேண்டும்.

நான் வாழும் இந்த ஊரைச் சுற்றி எந்தச் சாலையில் சென்றாலும், பக்கங்களில் கம்பிவலை மட்டும் அடித்த நீண்ட கொட்டகைகளைக் காணலாம். அவற்றினுள் வரிசை வரிசையாக அமைந்த கூண்டுகளில், கூண்டுக்கு மூன்று நான்காக அடைபட்டிருக்கும் வெள்ளை லெகார்ன் கோழி ஒன்றுக்குக் கிடைக்கும் இடம், நீ எனக்குக் கடிதம் எழுதிய ஏ4 தாளின் பரப்பைவிடக் குறைவு. தரையும் கம்பியே, இட்ட முட்டை தானே உருண்டு முன்புறம் வந்து சேரவேண்டும் என்பதற்காக அதையும் சரிவாக அமைத்திருக்கிறார்கள். முட்டையிடும் வேளை நெருங்கியதும் மறைவான ஓரிடத்தைத் தேடி அலைவதும், காலால் மண்ணைக் கிளறி இரை பொறுக்குவதும், புழுதியில் புரண்டு சிறகைச் சுத்தம் செய்துகொள்வதும், இருட்டியதும் உயரமான கிளையில் ஏறி அடைவதும் மனிதர் கற்பித்த பழக்கங்கள் அல்ல. கோழியின் பிறவி ஸ்வபாவங்கள். இவற்றில் ஒன்றைக்கூடச் செய்ய இயலாமல், சிறகை முழுதாக விரிக்கவும் வழியில்லாமல், ஓராண்டுக்கு மேல் அது அங்கேயே நிற்கிறது. அதன் மூதாதையான காட்டுக்கோழி ஆண்டுக்குச் சுமார் 10 முதல் 15 முட்டைகளே இடும். இனவிருத்தியின் சாமர்த்தியத்தால் இதுவோ ஏறத்தாழ 300 முட்டைகள் இடுகிறது. அத்தனை ஓடுகளுக்கும் வேண்டிய சுண்ணாம்புச் சத்தில் ஒரு பங்கு அதன் எலும்பிலிருந்தே கரைந்து வருவதால், முட்டை ஓய்ந்து விற்பனைக்குப் பிடிக்கும்போது எலும்பு முறிவது அபூர்வமான விபத்தன்று. நெருக்கடியில் ஒன்றையொன்று கொத்தாமலிருக்கக் குஞ்சுப் பருவத்திலேயே அலகின் நுனியைச் சூடான தகட்டால் துண்டித்துவிடுகிறார்கள். முட்டையிடாத காரணத்தால் சேவல் குஞ்சுகளுக்குப் பொரித்த அன்றே முடிவு.

பண்ணைக்காரர்களைக் கொடியவர்கள் என்று நீ எண்ணிவிடக்கூடாது. மழையை நம்பிப் பயிர் செய்ய முடியாத பூமியில் கடன் வாங்கிக் கொட்டகை போட்டு, தீவனச் செலவுக்கும் முட்டை விலைக்கும் நடுவே தத்தளிப்பவர்கள் அவர்கள்; முட்டை மலிவாக வேண்டும் என்று கேட்பவர்கள் நாம். நம் அடுப்பங்கரைக்கும் அந்தக் கொட்டகைகளுக்கும் உள்ள சம்பந்தத்தை அறியவேண்டுமானால் புரட்டாசி மாதத்தில் இங்கே வந்து பார். லட்சக்கணக்கான குடும்பங்கள் விரதம் காரணமாக அசைவத்தை விலக்குவதால், அந்த மாதத்தில் முட்டை விலை இறங்குவது இங்கே எல்லோரும் எதிர்பார்க்கும் விஷயம். தனித்தனி வீடுகளில் தனித்தனியாக எடுக்கப்படும் முடிவுகள் நெடுந்தொலைவிலுள்ள ஒரு தொழிலை அசைக்கின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான அத்தாட்சி எனக்குத் தெரியாது.

சட்டம் இல்லாமலும் இல்லை. 1952இல் மாநிலங்களவைக்கு நியமனம் பெற்ற ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் கொணர்ந்த மசோதாவின் பயனாகவே 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது; நியாயமான அளவு அசைய இடமில்லாத கூண்டில் எந்தப் பிராணியையும் அடைப்பது குற்றம் என்று அதன் 11ஆம் பிரிவு கூறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இத்தகைய வெறுங்கூண்டுகள் 2012 முதல் விலக்கப்பட்டுவிட்டன. இங்கே சட்டத்தின் வாசகத்துக்கும் கொட்டகைக்கும் இடையே உள்ள தூரம் இன்னும் குறையவில்லை.

இனி, எதை முதலில் விடுவது என்பது. ஆட்டுக்கறியை நிறுத்திவிட்டுக் கோழிக்கு மாறுவதைப் பலர் ஒரு படி முன்னேற்றமாகக் கருதுகிறார்கள். ஜீவகாருண்யத்தின் நோக்கில் இது நேர்மாறானது. ஓர் ஆட்டில் சுமார் 10 கிலோ கறி கிடைக்குமென்றால், அதே அளவுக்கு ஏழெட்டுக் கறிக்கோழிகள் வேண்டும். அந்த ஆடு மேய்ச்சல் நிலத்தில் வெயிலும் காற்றும் கண்டு வளர்ந்திருக்கும், கறிக்கோழியோ ஏறக்குறைய 40 நாளில் 2 கிலோ எடைக்குப் பெருக்கவைக்கப்பட்டு, தன் பாரத்தைத் தன் கால்களே தாங்காமல் வாழ்ந்திருக்கும். ஆகவே கூண்டு முட்டையும் கறிக்கோழியும் முதலில் போகட்டும். வீட்டாரின் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறியைப் பற்றி இப்போது நீ வாய் திறக்கவேண்டாம். முட்டையை அறவே விட இயலாதவர்களுக்கு, கோழிகள் வெளியே மேய்வதை நேரில் பார்க்கக்கூடிய ஒரு வீட்டில் வாங்கிக்கொடு. தவிட்டு நிற ஓட்டைக் கண்டு நாட்டு முட்டை என்று நம்பிவிடாதே. அந்த நிறத்தில் முட்டையிடும் இனங்களும் கூண்டில் வளர்கின்றன. பாலிலும் காளைக்கன்றுகளின் கதி என்றொரு துயரம் உண்டு. சைவ போஜனம் செய்பவர்கள் அதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

வழக்கத்தை மாற்றுவதில் பெரும்பாலும் மறக்கப்படுவது சமைப்பவரின் பாடு. உனக்கென்று தனியாக ஒரு குழம்பு கொதிக்குமானால், உன் காருண்யத்தின் சுமையை அம்மாவின் தலையில் ஏற்றியவள் ஆகிவிடுவாய். வாரத்தில் இரண்டு நாள் சமையலை நீயே எடுத்துக்கொள். அம்மா கறிக்கு அரைக்கும் அதே மசாலாவை, அதே மிளகும் சோம்பும் தேங்காயும் வைத்து அரைத்து, மொச்சையிலோ காளானிலோ பலாக்காயிலோ குழம்பு வை. புரட்டாசி முழுவதும் நம் வீட்டில் பொங்கிய தட்டைப்பயற்றுக் குழம்பையும், கொள்ளுப் பருப்பையும், கத்தரிக்காய்க் கடைசலையும் யாரும் குறைசொன்னதில்லை. அந்த ஒரு மாதத்துச் சமையலை ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டுவதே உன் வேலை. காலையில் அவித்த முட்டைக்குப் பதிலாக ஒரு கைப்பிடி வேர்க்கடலை வை. புரதத்தில் அது முட்டைக்குக் குறைந்ததன்று.

மகளே, இனி நான் சொல்வதை மிகுந்த சிரத்தையோடு வாசி. நம் தேசத்தில் புலால் உண்ணாமை என்பது பல காலமாகச் சாதி அகங்காரத்தின் ஆடையாகவும் இருந்து வந்திருக்கிறது. உண்ணும் உணவைக் காட்டி மனிதரை இழித்ததும், வாடகைக்கு வீடு மறுத்ததும் இன்னும் ஓயவில்லை. உன் தோழி தன் டப்பாவில் கொண்டுவந்த மீனைக் கண்டு நீ ஒருநாளும் முகம் சுளிக்கக்கூடாது. கோழியின் வேதனைக்கு உருகுகிற நெஞ்சு, பக்கத்தில் அமர்ந்திருக்கும் மனுஷியைப் புண்படுத்துமானால், அந்த உருக்கத்தை நான் மதிக்கமாட்டேன். பள்ளிச் சத்துணவில் ஏழைக் குழந்தையின் தட்டில் விழும் முட்டைக்கு எதிராகவும் ஒரு வார்த்தை சொல்லாதே. அந்தக் குழந்தைக்கு அது போஷாக்கு. தேர்ந்தெடுக்கும் சௌகரியம் பெற்றிருப்பவர்கள் நாம்தாம்.

அப்பாவுக்கு நான் தனியாக எழுதுகிறேன். அவருடைய கோபத்துக்கு அடியில் இருப்பது உன் உடம்பைப் பற்றிய கவலை. அதற்குத் தக்க விடையை நீ கையில் வைத்திருக்கவேண்டும். பருப்பும் பயறும் கீரையும் ஒழுங்காக உண்டால் புரதத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் பி12 என்னும் உயிர்ச்சத்தைத் தாவர உணவிலிருந்து போதிய அளவு பெற முடியாது. பால், தயிரைக் குறைத்துக்கொள்வாயானால், வைத்தியரைக் கண்டு இரத்தத்தைப் பரிசோதித்து, அவர் எழுதிக்கொடுக்கும் மாத்திரையைத் தவறாமல் சாப்பிடு. அந்தச் சீட்டை அப்பாவிடமும் காட்டு.

அன்புடன்,
உன் பெரியப்பா