பியூஸ் யாருக்குக் காவல்?

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய கார் ஆம்ப்ளிஃபயர் படத்தைப் பெரிசாக்கிப் பார்த்தேன். அட்டைப்பெட்டியில் 3000 வாட் என்று கொட்டை எழுத்து. ஆம்ப்ளிஃபயரின் பக்கவாட்டிலோ 25 ஆம்பியர் பியூஸ் ரெண்டே ரெண்டு. பெட்டியை விடு, பியூஸைப் பார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் வாக்கில் இருக்கும். அதை 50 ஆம்பியரால் பெருக்கினால் 690 வாட். உன் ஆம்ப் கிளாஸ் டி வகை. நூற்றுக்கு எண்பது ஸ்பீக்கருக்குப் போகும், மீதி சூடாகும். ஆக 550 வாட். மிச்ச 2450 வாட்டும் அந்த அட்டைப்பெட்டியில்தான் இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடாதே.

உடனே அதை விற்ற ஜே.சி. ரோட்டுக் கடைக்குச் சண்டைக்குக் கிளம்பாதே. ஸ்விஃப்டுக்கு 550 தாராளம். அக்கா திட்டுவது உன் காதில் விழாத அளவுக்குச் சத்தம் வரும்.

"8 கேஜ் வயர் கிட் போதுமா மாமா?" என்று கேட்டிருக்கிறாய். போதாது. பேட்டரி பானட்டுக்குள், ஆம்ப் டிக்கியில். வளைந்து நெளிந்து போனால் 5 மீட்டர் ஆகும். 8 கேஜ் என்பது சுமார் 8 சதுர மில்லிமீட்டர். அசல் செம்பாகவே இருந்தாலும் 50 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட்டுக்கு மேல் வயரிலேயே போய்விடும். மலிவு கிட்டில் அசல் செம்பு எங்கே இருக்கிறது? ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டு. உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். இழப்பு இதைப்போல் ஒன்றரை மடங்காகும்.

25 சதுர மில்லிமீட்டர் செம்பு போடு, இழப்பு 0.17 வோல்ட்தான். விலைக்குப் பயப்படாதே. ஓசூர் சிப்காட்டைச் சுற்றி எத்தனை வெல்டிங் பட்டறை! அவர்கள் வாங்கும் கடையில் வெல்டிங் கேபிள் மீட்டர் கணக்கில் கிடைக்கும். மெல்லிய இழைகள், நன்றாக வளையும். அதிலும் அலுமினியம் உண்டு, பிளேடை மறக்காதே. மேலே இருப்பது ரப்பர் என்பதால் இன்ஜின் பக்கம் சூடும் எண்ணெயும் படாமல் சுருள் குழாய்க்குள் விட்டுக் கொண்டு வா. தகரத்தில் துளை போட்டு நுழைக்கிற இடத்தில் ரப்பர் கிராமெட் கட்டாயம். வீட்டுக்கு வயரிங் பண்ணினபோது மிஞ்சிய சுருள் இருக்கிறதே என்று யோசிக்காதே. அதன் இழைகள் தடிமன், வண்டி அதிர்வில் முறியும்.

அடுத்து நீ என்ன கேட்பாய் என்று தெரியும்: "ஆம்பிலேயே பியூஸ் இருக்கே, இன்னொன்று எதுக்கு?" அட, அது ஆம்புக்குக் காவல். வயருக்கு யார் காவல்? சீட்டுக்கடியில் ஒரு தகர விளிம்பில் உரசி உரசி உறை கிழிந்து வயர் பாடியைத் தொட்டதென்று வை. அந்தக் கரண்ட் டிக்கிப் பக்கமே வராது, ஆம்பில் இருக்கிற பியூஸுக்கு விஷயமே தெரியாது. கார் பேட்டரி ஒரே வீச்சில் பல நூறு ஆம்பியர் தள்ளும். உறை உருகும், மேட் பற்றும். அதனால் பியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் இருக்க வேண்டும். பூக்காரம்மா அளக்கிற முழமே போதும், 18 அங்குலம்தான் கணக்கு. பியூஸுக்கு முந்தின அந்தத் துண்டுக்குக் காவலே கிடையாது என்பதால்தான் இந்தக் கெடுபிடி.

எத்தனை ஆம்பியர்? ஆம்ப் கேட்பதற்குக் கீழே போகாதே, வயர் தாங்குவதற்கு மேலேயும் போகாதே. உனக்கு 60 சரி, 80 வரை போகலாம். இதே 80-ஐ அந்த அலுமினிய 8 கேஜில் போட்டால், பியூஸ் சும்மா இருக்க வயர் எரியும். அடிக்கடி போகிறது என்று 150 வாங்கி மாட்டுவதும், சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றுவதும் உன் சிநேகிதர்கள் சொல்லித் தருகிற வித்தை. பியூஸ் போனால் ஏன் போனது என்று தேடு. அதைச் சமாதானப்படுத்தாதே.

எர்த் வயரும் அதே 25 தான். நீளம் குறைவாக இருக்கட்டும். பாடியில் பெயின்ட்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகு போல்ட் முடுக்கு. சீட் பெல்ட் போல்ட்டைத் தொட்டால் உதைப்பேன். வயர் நுனியில் மாட்டும் லக்கைச் சுத்தியலால் நசுக்காதே. பேனல் போர்டு செய்கிறவர்களிடம் கிரிம்பிங் டூல் இருக்கும், கேட்டால் அழுத்தித் தருவார்கள்.

வேலை தொடங்குமுன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிடு. எல்லாம் முடிந்தபின் அதை மாட்டிவிட்டு, பியூஸைக் கடைசியாகச் செருகு. அதற்கு முன்னால் வயர் போன வழி முழுக்கப் படமெடுத்து எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா