பெற்றோரும் கல்விச் சட்டமும்

பிள்ளைகளுக்குக் கல்வி அளித்தல் பெற்றோர் கடமை என்பது நம் முன்னோர் கண்ட அறம். அஃது அரசின் கடமையுமாம் என்பது சட்டமாக உருப்பெற நெடுங்காலம் ஆயிற்று. கோபால கிருஷ்ண கோகலே 1911-ஆம் ஆண்டில் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கும் மசோதா ஒன்றை அந்நாளைய சட்டமன்றத்திற் கொணர்ந்தார். மறு ஆண்டில் அது தோல்வியுற்றது. விடுதலைக்குப் பின் வகுக்கப்பெற்ற அரசியலமைப்பும், கல்வி அளிக்க முயலுமாறு அரசுக்கு நெறி காட்டிற்றேயன்றி, அதனைக் குழந்தையின் அடிப்படை உரிமையாக்கவில்லை. 2002-ஆம் ஆண்டின் 86-ஆம் திருத்தமே அவ்வாறு ஆக்கியது. அதனை நிறைவேற்றுதற்கு 2009-இல் இயற்றப்பெற்ற சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகள் இதன் பயனைப் பெறுவர்.

இச்சட்டத்தின் பெயரில் 'கட்டாயக் கல்வி' என்னும் தொடர் உள்ளது. பிள்ளையை அனுப்பாவிடின் தம்மைத் தண்டிப்பர் போலும் என்று ஏழைப் பெற்றோர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் பொருளற்றது. பிள்ளையைப் பள்ளியிற் சேர்த்தல் பெற்றோர் கடமை எனச் சட்டம் கூறுவது உண்மையே; ஆயினும், 'கட்டாயம்' என்னும் சொல்லுக்கு அதுவே தரும் விளக்கம் வேறு. குழந்தைக்குக் கல்வியை அளித்தலும், அது பள்ளியிற் சேர்ந்து படித்து முடித்தலை உறுதி செய்தலும் அரசின் கட்டாயம் என்பதே அவ்விளக்கம். ஒரு சொல்லின் பொருளைப் பிறழ உணர்ந்தமையால், உரிமையுடையார் குற்றவாளிபோல் ஒதுங்கி நிற்பது இரங்கத்தக்கது.

செங்கற்சூளையில் வேலை தேடி வேற்றூர் வந்த தாய் ஒருத்தி, பத்து வயது மகளை அழைத்துக்கொண்டு அவ்வூர் அரசுப் பள்ளிக்குச் செல்கின்றாள் எனக் கொள்வோம். பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் அவளிடம் இல்லை. பிறப்புச் சான்றிதழும் இல்லை. பள்ளி திறந்து திங்கள் பல கடந்துவிட்டன. இம்மூன்றனுள் எதனைக் காட்டியும் அச்சிறுமியைச் சேர்க்க மறுத்தல் கூடாது. மாற்றுச் சான்றிதழை உடனே தாராது காலம் தாழ்த்தும் தலைமையாசிரியரே ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியர். இடையில் ஈராண்டு படிப்பு நின்றிருப்பினும், அவளைச் சிறு குழந்தைகளோடு முதல் வகுப்பில் அமர்த்தாது, வயதிற்கேற்ற வகுப்பிற் சேர்த்துத் தனிப்பயிற்சி அளித்தல் வேண்டும். இத்துணையும் அறியாத தாய், 'அடுத்த ஆண்டு வருக' என்னும் சொற்கேட்டு மகளுடன் சூளைக்கே திரும்பிவிடுவாள். அடுத்த ஆண்டு அவர்கள் எவ்வூரில் இருப்பரோ!

நன்கொடை பெறுதலையும், சேர்க்கைக்காகக் குழந்தையையோ பெற்றோரையோ தேர்வு செய்தலையும், மாணவரை அடித்தலையும் இச்சட்டம் விலக்குகின்றது. அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். குழுவிற் பாதியினர் பெண்டிர்.

உரிமை மறுக்கப்பெற்றவர் உள்ளாட்சி அமைப்பிற்கு எழுத்து வாயிலாக முறையிடலாம். அம்முறையீட்டின்மீது மூன்று திங்களுக்குள் முடிவு செய்தல் வேண்டும். முடிவு நிறைவளிக்காவிடின், மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திற்கு மேல்முறையீடு செய்யலாம். மனுவில் அலங்காரச் சொற்கள் வேண்டா. குழந்தையின் பெயர், வயது, சென்ற பள்ளி, சென்ற நாள், மறுத்தவர் கூறிய காரணம் ஆகியவை போதும். எழுதத் தெரியாத பெற்றோர்க்கு உயர்நிலை வகுப்பு மாணவரே இதனை எழுதித் தரலாம். எழுதியபின் படித்துக் காட்டி, படி ஒன்றைப் பெற்றோரிடமே கொடுத்துவைத்தல் வேண்டும்.