கூண்டும் ஒரு கூடை மண்ணும்

கேள்வி: நாங்கள் திண்டுக்கல் நாகல் நகரில் குடியிருக்கிறோம். ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடு. கொல்லை கிடையாது; திறந்த இடம் என்றால் மொட்டை மாடிதான். மூன்று வாரத்துக்கு முன் என் கணவர் ராஜபாளையம் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து வெள்ளை நாய்க்குட்டி ஒன்று வாங்கி வந்தார். இப்போது அதற்கு 70 நாள். ஹால், அடுப்படி, பீரோவுக்குப் பின்னால் என்று வீடு முழுக்க அசிங்கம் பண்ணுகிறது. பெரிதாக வளரும் ஜாதி என்பதால் 42 அங்குலக் கம்பிக் கூண்டு வாங்கினோம். அதற்குள்ளேயே ஒரு மூலையில் போய்விட்டு இன்னொரு மூலையில் படுத்துக்கொள்கிறது. காலை 9 மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பும்போது அடைத்தால், மதியம் 2 மணிக்குத்தான் வந்து திறக்க முடிகிறது. மாமியார் வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் மூட்டு வலியால் மாடி ஏற முடியாது. ராத்திரி முழுக்கக் குட்டி அழுகிறது. கணவர் மூக்கை அதிலேயே தேய்த்தும் பார்த்துவிட்டார். எவ்வளவு அதட்டினாலும் திரும்பிக்கூடப் பார்க்காது, அவ்வளவு பிடிவாதம். "வாயில்லா ஜீவனை அடைச்சு வைக்கிறது பாவம்மா, தெறந்து விடு" என்கிறார் மாமியார். கூண்டு சரியா, தப்பா?

– ஒரு வாசகி, நாகல் நகர்

பதில்: உங்கள் மாமியார் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதியை முதலில் பார்ப்போம். 70 நாள் குட்டியை ஐந்து மணி நேரம் ஒரே அடியாக அடைக்கக் கூடாது. இரண்டு மாதக் குட்டியால் அதிகபட்சம் மூன்று மணி நேரம் அடக்க முடியும், அதுவும் தூங்கிக்கொண்டிருந்தால்தான். விழித்து ஓடியாடும்போது ஒரு மணி நேரமே அதிகம். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், அசைய இடமில்லாத கூண்டில் விலங்கை அடைப்பதையும், அடைத்தே வைத்திருக்கும் நாயை நடமாட விடாமல் இருப்பதையும் குற்றமாகச் சொல்கிறது. ஸ்வீடனில் பயணம் போன்ற சில தேவைகளுக்குத் தவிர நாயைக் கூண்டில் வைக்கவே சட்டம் அனுமதிப்பதில்லை.

மீதிப் பாதிக்கு, அவர் பார்த்துப் பழகிய பஞ்சாரத்தை நினைவுபடுத்துங்கள். தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் பஞ்சாரம் போட்டு மூடுவது பூனை பிடிக்காமலும் காக்கை கொத்தாமலும் காக்க. நேரம் வந்ததும் தூக்கிவிடுவார்கள். வெயிலில் மூடிப் போட்டுவிட்டு ஊருக்குப் போனால் குஞ்சு செத்துப்போகும். நாய்க்கூண்டும் அப்படித்தான். நீங்கள் குளிக்கும் இருபது நிமிடத்துக்கும், சமைக்கும் அரை மணி நேரத்துக்கும், இரவு உறக்கத்துக்கும் அது உதவும். பழக்கிக் கொடுப்பது மட்டும் உங்கள் வேலை. கூண்டு அதைச் செய்யாது.

கூண்டு ஏன் பயன்படுகிறது என்று சொல்கிறேன். பிறந்து சுமார் மூன்று வாரம் வரை தாய் நக்கிவிட்டால்தான் குட்டிக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் வரும். எல்லாவற்றையும் தாயே சுத்தம் செய்துவிடும். கால் ஊன்றி நடக்க ஆரம்பித்ததும் குட்டி தானாகவே படுக்கையை விட்டு விலகிப் போய் இருக்கப் பார்க்கும். படுக்கிற இடம் நனையக் கூடாது என்பது அதன் ரத்தத்தில் இருக்கிறது. உங்கள் 42 அங்குலக் கூண்டு அதற்கு ஒரு வீடு மாதிரி: இந்தப் பக்கம் படுக்கை, அந்தப் பக்கம் கழிப்பறை. குட்டியின் மேல் தவறில்லை. கூண்டோடு தடுப்புக் கம்பி வந்திருந்தால் அதை மாட்டுங்கள். இல்லையென்றால் ஒரு பலகையைக் கட்டி மறையுங்கள். குட்டி எழுந்து நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் இடம் இருந்தால் போதும். வளர வளரப் பலகையைத் தள்ளி வையுங்கள். உள்ளே விடும்போது கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட மறக்காதீர்கள். கம்பியில் மாட்டி இறுகினால் உயிர் போய்விடும்.

விரிப்புக்குப் பழைய சுங்குடிச் சேலை நல்லது. ஆனால் சில குட்டிகள் துணியைக் கண்டாலே அதில் போகும். அப்படியானால் சில நாள் வெறும் பாய் மட்டும் போடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் குட்டி தோட்டத்தில் பிறந்தது. அதன் காலுக்குத் தெரிந்த கழிப்பறை மண். எட்டரை வார வாக்கில் குட்டிகள் தங்களுக்கென்று ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்ளத் தொடங்குகின்றன என்று அமெரிக்க ஆய்வாளர்கள் ஸ்காட்டும் ஃபுல்லரும் 1965இல் வெளியிட்ட நூலில் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் குட்டி அந்தப் பருவத்தில், எங்கு பார்த்தாலும் டைல்ஸாக இருக்கும் வீட்டில் இடம் தேடிக்கொண்டிருக்கிறது. ஒரு கூடை மண் கொண்டுவந்து இரண்டு அகலமான பிளாஸ்டிக் தட்டுகளில் கொட்டுங்கள். ஒன்று மொட்டை மாடியில், இன்னொன்று கீழே துணி துவைக்கும் இடத்தில். குட்டியின் மூத்திரத்தைத் துடைத்த துணித் துண்டு ஒன்றை மண்ணில் போட்டு வைத்தால் வாசனை வழி காட்டும். கீழே இருக்கும் தட்டு உங்கள் மாமியாருக்காக. காலை 11 மணிக்கு ஒரு தடவை கூண்டைத் திறந்து, மண்ணில் இருக்க வைத்து, முடித்ததும் ஒரு துண்டு வேகவைத்த முட்டையைக் கொடுக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு 2 மணி வரை கூண்டு வேண்டாம். துவைக்கும் இடத்தைப் பலகையால் மறித்து, தண்ணீர் வைத்து, அங்கேயே விடலாம். பாவம் என்று சொல்கிறவர் கையாலேயே கூண்டு திறக்கட்டும். குட்டியும் அவரிடம் ஒட்டிக்கொள்ளும்.

தெருவில் இறக்காதீர்கள். தடுப்பூசி முழுதாகப் போட்டு முடியும்வரை, அதாவது 16 வாரம் வரை, பார்வோ என்ற ரத்தக் கழிச்சல் நோய்க் கிருமி தெருமண்ணிலிருந்து வந்துவிடும். அதனால் தட்டுக்கு எடுக்கும் மண்ணும் நாய்கள் நடமாடாத இடத்து மண்ணாக இருக்கட்டும்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட சில நிமிடங்களிலும், விளையாடி முடித்ததும் என்று இந்த மூன்று வேளையும் தூக்கிக்கொண்டு மண்ணுக்கு ஓடுங்கள். உணவை நாளுக்கு நான்கு முறை, தினமும் அதே நேரங்களில் கொடுத்தால் கழிவும் நேரப்படி வரும். பால் சோறு வேண்டாம். நம் வீடுகளில் குட்டி என்றாலே பால்தான். ஆனால் பல குட்டிகளுக்குப் பசும்பால் செரிக்காமல் வயிற்றால் போகும். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். திண்டுக்கல் வெயிலில் அது ஆபத்து. நாய் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அதனால் கூண்டு எப்போதும் தரைத்தளத்தில், காற்றோட்டத்தில், மின்தடை வந்தாலும் புழுங்காத இடத்தில் இருக்க வேண்டும். மொட்டை மாடிக்குக் காலை 9க்கு முன், மாலை 5க்குப் பின் மட்டும். மற்ற நேரத்தில் தளம் பாதத்தைச் சுட்டுவிடும்.

இரவில் கூண்டு உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். மூன்று வாரம் முன்புவரை உடன்பிறப்புகளின் சூட்டில் தூங்கிய குட்டி அது. நடு இரவில் அழுதால் விளக்கைப் பெரிதாகப் போடாமல், கொஞ்சாமல், தூக்கிப்போய் இருக்கவைத்துவிட்டுத் திரும்ப விடுங்கள். எச்சில் ஒழுக, கம்பியைக் கடித்து ஈறில் ரத்தம் வரும் அளவுக்குப் பதறினால் கூண்டை விட்டுவிட்டு, மறித்த இடத்திலேயே பழக்குங்கள்.

வீட்டுக்குள் போன இடத்தைத் துடைக்கும் பினாயில் நம் மூக்கைத்தான் ஏமாற்றும். குட்டியின் மூக்கை ஏமாற்றாது. சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளை வினிகர் கலந்த நீரால் துடையுங்கள். மூக்கைத் தேய்ப்பதை இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். நடந்து சில நொடி கடந்துவிட்டால் எதற்குத் தண்டனை என்று குட்டிக்குத் தெரியாது. மனிதர் முன்னால் போகக் கூடாது என்று மட்டும் கற்றுக்கொள்ளும். பீரோவுக்குப் பின்னால் போவது அதனால்தான்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது ஒரு வரி: அதட்டினால் திரும்பிக்கூடப் பார்க்காது. வெள்ளை ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை அதிகம். உடலுக்கு வெள்ளை நிறம் தரும் அதே குறைபாட்டால் உட்காதில் நிறமி உயிரணுக்கள் இல்லாமல் போய், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் அழிந்துவிடும். பிடிவாதம் என்று நாம் அடிக்கும் குட்டிகளில் சில, நாம் பேசியதையே கேட்டிருக்காது. இன்று குட்டி அசந்து தூங்கும்போது, நிழலோ காற்றோ தரை அதிர்வோ படாமல், பின்னால் நின்று எவர்சில்வர் தட்டில் கரண்டியால் தட்டுங்கள். காது அசையவில்லை என்றால் வேறு நேரத்தில் மறுபடி பாருங்கள். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இந்தச் சோதனையில் தெரியாது. அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேட்காத குட்டிக்கும் இதே பழக்கம் வரும். மண்ணுக்குப் போக ஒரு கையசைவு, சரியாகச் செய்ததற்குக் கட்டைவிரல் உயர்த்தல், இரண்டையும் வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி காட்டுங்கள். தூங்கும்போது சட்டென்று தூக்கினால் பயந்து கடிக்கக்கூடும். மூக்கருகே கையை வைத்து, வாசனையால் எழுப்பிவிட்டு, அதன் பிறகு கூண்டைத் திறங்கள்.