தாம்பரஞ் சூழ்ந்த தலங்களும் மூவகை அளவையும்

பழம்பதிகளைக் காணச் செல்வோர் கண்டு மீள்வதோடு அமைதல் போதாது. கண்ணாற் கண்டது யாது, அதனைக் கொண்டு கருதிப் பெறுவது யாது, ஆன்றோர் உரையாற் பெறுவது யாது என்று பகுத்துணர்தல் வேண்டும். அளவைகள் பத்தென விரிப்பினும் அவை காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரில் நிறுவிய துணிபு. சென்னைக்குத் தெற்கே தாம்பரத்தைச் சூழ்ந்துள்ள சில இடங்களைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

முதலாவது காண்டல். தாம்பரத்திற்கு வடக்கே பல்லாவரத்துக் குன்றில் ஐந்து அறைகளையுடைய குடைவரை ஒன்றுளது. அறைகள் ஐந்தாதல் பற்றிப் பஞ்சபாண்டவர் பெயரை அதற்கு இட்டு வழங்குவர். அப்பெயரை நம்பிப் பாண்டவர் உறைந்த இடம் எனக் கொள்வது திரிவுக்காட்சியாம். பாறையிற் பொறித்துள்ள பட்டப்பெயர்கள், கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவனுக்கு உரியன. இக்குடைவரை இந்நாளில் இசுலாமியர் வழிபாட்டிடமாக விளங்குகின்றது. ஆதலின் காணச் செல்வார் அவர்தம் வழிபாட்டிற்கு ஊறு நேராவண்ணம் ஒழுகுதல் கடனாம்.

இரண்டாவது உரை. பல்லாவரத்திற்கு வடமேற்கே உள்ள குன்றத்தூர், பெரியபுராணம் அருளிய சேக்கிழார் பெருமான் அவதரித்த பதி. சோழநாட்டுத் திருநாகேச்சரத்திற் பேரன்பு பூண்ட அவர், அப்பெயராலேயே இவ்வூரில் எடுப்பித்த திருக்கோயிலும் இங்குளது. திருநாவுக்கரசரை நீற்றறையிலிட்டும் நஞ்சூட்டியும் யானையை ஏவியும் கல்லொடு பிணித்துக் கடலில் விடுத்தும் வருத்திய பல்லவ மன்னன், பின்னர்ச் சைவனாகித் திருவதிகையிற் குணபர ஈச்சரம் எடுத்தான் என்பது அவர் உரை. மகேந்திரவர்மன் என்னும் பெயர் ஆண்டு இல்லை.

மூன்றாவது கருதல். குணபரன் என்பது மகேந்திரவர்மன் பூண்ட பட்டப்பெயர்களுள் ஒன்று. திருச்சிராப்பள்ளிக் குடைவரைக் கல்வெட்டில் அப்பெயர் வருகின்றது. அவன் புறநெறியினின்று மீண்டமையை அக்கல்வெட்டே குறிக்கும் என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொண்ட பொருள். அச்சொற்களுக்கு வேறு பொருள் கொள்வாரும் உளர். ஆகவே புராணத்துப் பல்லவன் மகேந்திரவர்மனே என்னும் முடிபு, பெயரொற்றுமையை ஏதுவாகக் கொண்ட கருதலேயாம். அதனைச் சேக்கிழார் வாக்காகவே எடுத்துரைப்பது, கருதலை உரையெனக் கொள்ளும் பிழை. பெயர் கூறாமை பற்றிப் புராணத்தைத் தள்ளுவாரும் பிழைபட்டவரே. திருவருள் அடியாரைக் காத்தலே ஆண்டுக் கூறக் கருதிய பொருளன்றி, அரசர் பெயர்வரிசை அன்று.

கருதலின் எல்லையை உணர்த்த மற்றோரிடமும் உண்டு. தாம்பரத்திற்குக் கிழக்குப் புறத்தே மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் கோயில் விமானம், பின்புறம் வளைந்த தூங்கானைமாட வடிவினது. அது காண்பார்க்கு, அப்பர் சூலக்குறியும் விடைக்குறியும் பெற்ற பெண்ணாகடத்துத் தூங்கானைமாடம் நினைவில் எழும். அது மெய்கண்ட தேவர் அவதரித்த பதியுமாம். நினைவு எழுதல் நன்றே. ஆயினும் வடிவொற்றுமை ஒன்றே பற்றி அப்பர் மாடம்பாக்கத்திற்கும் எழுந்தருளினார் எனல் ஏதுப்போலியாம்.

மடங்களிற் பயிலும் மாணவர் அளவை நூலை ஓதியபின் ஒருநாள் இத்தலங்களுக்குச் சென்று வருவாராக. கண்டன, கருதியன, கேட்டன என மூன்றாக வகுத்து எழுதி, தம் ஆசிரியரிடம் காட்டித் தெளிவாராயின், அளவையிலக்கணம் ஏட்டளவில் நில்லாது அவர்தம் அறிவிற் பதியும்.